அரிசோனா ரிபப்ளிக் நாளிதழின் தலையங்கம்
பீனிக்ஸ், அரிசோனா மாநிலம், அமெரிக்கா. செப்டம்பர் 2016

அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஹிலாரி கிளிண்டனை ஆதரித்து அரிசோனா ரிபப்ளிக் எழுதிய தலையங்கம் இது. 1890-இல் 'அரிசோனா ரிபப்ளிகன்' என்ற பெயரில் தொடங்கிய இந்த நாளிதழ், அதுவரை எந்த அதிபர் தேர்தலிலும் அக்கட்சியை ஆதரித்ததில்லை.

வேட்பாளரைப் பரிந்துரைப்பது அமெரிக்க நாளிதழ்களின் பழைய வழக்கம். முடிவெடுப்பது தலையங்கக் குழு. செய்தியாளர்களுக்கு அதில் பங்கில்லை. இத்தலையங்கம் வெளிவந்ததும் வாசகர் பலர் சந்தாவை நிறுத்தினர். நாளிதழுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. வீடு வீடாகச் சென்று சந்தா சேர்த்த இளைஞர்கள் மீது சிலர் எச்சில் உமிழ்ந்தனர். தலையங்கத்தில் ஒரு வரிகூட எழுதாத அவர்களே கோபத்தை நேருக்கு நேர் தாங்க வேண்டியிருந்தது. மிரட்டல்களுக்கு நாளிதழின் வெளியீட்டாளர் மி-ஐ பாரிஷ் தம் பெயரிலேயே பதில் எழுதினார்.

அந்தத் தேர்தலில் அரிசோனாவில் வென்றவர் குடியரசுக் கட்சியின் டொனால்ட் டிரம்ப். 1952 முதல் அதுவரை அங்கு ஜனநாயகக் கட்சி வென்றது 1996-இல் மட்டுமே. 2020-இல் பீனிக்ஸ் அடங்கிய மரிகோபா மாவட்டம் அணி மாறியது. ஜனநாயகக் கட்சியின் ஜோ பைடன் 10,457 வாக்குகள் வித்தியாசத்தில் மாநிலத்தைக் கைப்பற்றினார். 2024-இல் அது மீண்டும் டிரம்ப் வசமானது.