ஒரே வாசல், பல குடித்தனம்
வீட்டு மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில் பத்து இணையதளங்களைக் குடிவைக்கலாம். வாடகை மிச்சம். காவல் வேலை மட்டும் வீட்டுக்காரருடையது.

திரை கீறிப்போய், பரணில் ஏறக் காத்திருக்கும் லேப்டாப் இல்லாத நடுத்தர வர்க்க வீடு இன்று குறைவு. அதில் லினக்ஸை ஏற்றி, அபாச்சி என்ற இலவச சாஃப்ட்வேரைச் சேர்த்தால் அது சர்வர். அம்மாவின் துணிக்கடை, மகளின் கல்லூரி ப்ராஜெக்ட், தாத்தாவின் கட்டுரைகள் என்று தனித்தனிப் பெயர்களில் தளங்கள் அந்த ஒரே பெட்டியிலிருந்து உலகைச் சென்றடையலாம்.

ஆனால் வீட்டு இணைப்புக்கு வழக்கமாகக் கிடைப்பது ஒரே ஒரு ஐபி முகவரி. எல்லாத் தளங்களுக்கும் அதே முகவரி என்றால், வந்தவர் யாரைத் தேடி வந்தார் என்பது சர்வருக்கு எப்படித் தெரியும்?

ஒண்டுக் குடித்தனத்தில் வாழ்ந்தவர்களுக்கு விடை தெரியும். வாசல் ஒன்று, கதவு எண்ணும் ஒன்று. தபால்காரர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். உரியவர் வந்து வாங்கிக்கொள்வார். இணையத்தில் இந்த வழக்கம் ஆரம்பத்தில் இல்லை. எந்தப் பக்கம் வேண்டும் என்று மட்டுமே பிரவுசர் கேட்கும். ஆகவே தளத்துக்கொரு முகவரி தேவைப்பட்டது. 1997 ஜனவரியில் வெளியான எச்டிடிபி 1.1 விதிகள், தளத்தின் பெயரைச் சொல்லும் 'ஹோஸ்ட்' என்ற வரியைக் கட்டாயமாக்கின. ஐபி நான்காம் பதிப்பின் முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. உலகப் பொது இருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. அந்த ஒற்றை வரி இல்லாவிட்டால் இன்னும் முன்பே தீர்ந்திருக்கும்.

பூட்டுப் போட்ட எச்டிடிபிஎஸ் தளங்களில் இன்னொரு சிக்கல் இருந்தது. பெயர் காதில் விழுவதற்கு முன்பே சர்வர் தன் சான்றிதழைக் காட்ட வேண்டும். யாருடைய சான்றிதழை? முதல் வணக்கத்திலேயே பெயரைச் சொல்லிவிடும் எஸ்என்ஐ ஏற்பாடு 2003இல் வகுக்கப்பட்டது. விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடிய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை. எக்ஸ்பி ஒதுங்கிய பிறகே தயக்கம் விலகியது. 2015 டிசம்பரில் லெட்ஸ் என்கிரிப்ட் பொதுமக்களுக்கு இலவசச் சான்றிதழ் தரத் தொடங்க, அந்தச் செலவும் போயிற்று.

மின்சாரக் கட்டணம்? 10 வாட் எடுக்கும் லேப்டாப், மாதம் முழுக்க ஓடினாலும் சுமார் 7 யூனிட். 60 வாட் எடுக்கும் பழைய டெஸ்க்டாப் என்றால் 43 யூனிட். லேப்டாப்பின் பாட்டரியே யுபிஎஸ். ஆனால் ரவுட்டர் அணைந்தால் தளமும் மறையும். அதற்கும் ஒரு பாட்டரி வேண்டும்.

இந்தியாவில் பெரிய முட்டுக்கட்டை வேறு. முகவரிப் பஞ்சத்தால் பல நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல சந்தாதாரர்களுக்குப் பங்கிடுகின்றன. உள்ளிருந்து வெளியே போகலாம். வெளியிலிருந்து உள்ளே வர வழியில்லை. ரவுட்டர் காட்டும் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் பெரும்பாலும் இதுதான் காரணம். கூடுதல் கட்டணம் கட்டி நிலையான முகவரி வாங்க வேண்டும். அல்லது வெளியே ஒரு சிறிய வாடகை சர்வர் எடுத்து, அதிலிருந்து வீட்டுக்குச் சுரங்கப்பாதை போட வேண்டும். சர்வர் நடத்த சந்தா ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்பதையும் முதலிலேயே படித்துவிடுவது நல்லது.

ஒண்டுக் குடித்தனத்தில் ஒரு வீட்டில் தீப்பிடித்தால் எல்லா வீட்டுக்கும் ஆபத்து. தாத்தாவின் தளத்தில் புதுப்பிக்காமல் விட்ட ஒரு ப்ளக்-இன் வழியே நுழைபவர், அம்மாவின் கடைக் கணக்கு வரை போய்விடலாம். தளத்துக்கொரு லினக்ஸ் கணக்கு, தனித்தனிக் கடவுச்சொல், வேறொரு இடத்தில் அன்றாட நகல் என்பவை கட்டாயம்.

இத்தனை பாடு எதற்கு? அமெரிக்காவில் யாஹூ தன் ஜியோசிட்டீஸ் சேவையை 2009 அக்டோபரில் மூடியபோது, சாதாரண மக்கள் ஆண்டுக்கணக்கில் எழுதிச் சேர்த்த லட்சக்கணக்கான பக்கங்கள் இடம் இழந்தன. ஆர்வலர்கள் ஓடிப்போய் நகலெடுத்தது ஒரு பகுதியைத்தான். இலவசமாக இடம் கொடுத்தவர் என்றைக்கு வேண்டுமானாலும் காலி செய்யச் சொல்லலாம். சொந்த வீட்டில் அந்த நோட்டீஸ் வராது. கூரை ஒழுகினால் நள்ளிரவில் ஏணி போட வேண்டியது மட்டும் நாம்தான்.