செடெனாக்கில் தரவு மையங்கள்: பக்கத்து வீட்டு இணையமும் வேகமாகுமா?

ஜொகூரின் கூலாய் மாவட்டத்தில் உள்ளது செடெனாக். செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த இடம். இன்று அங்குள்ள செடெனாக் தொழில்நுட்பப் பூங்காவில் பெரிய தரவு மையங்கள் இயங்குகின்றன.

அப்போ அந்த வட்டாரத்து வீடுகளில் இன்டர்நெட் பறக்குமே என்று நினைக்கிறீர்களா? அவசியமில்லை.

ஏன்?

தரவு மையத்தின் ஃபைபர் கம்பிவடங்கள் வேறொரு தரவு மையத்துக்கோ தொலைத்தொடர்பு நிலையத்துக்கோ நேராகப் போய்ச் சேரும். நெடுஞ்சாலை மாதிரி. பக்கத்திலேயே ஓடினாலும், நுழைவழி இல்லையென்றால் உங்கள் காரை அதில் ஏற்ற முடியாது.

வீட்டுக்கு எப்படி வருகிறது?

தொலைத்தொடர்பு நிலையத்திலிருந்து முடி அளவு மெல்லிய கண்ணாடி இழை கிளம்புகிறது. அதில் ஓடுவது மின்சாரம் இல்ல, ஒளி. வழியில் 'ஸ்பிளிட்டர்' என்ற சின்னக் கருவி அந்த ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். ஓர் இழையை 32 வீடுகள் பகிர்வது சாதாரணம். பரவலாக உள்ள ஜிபோன் முறையில், அந்த வீடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பதிவிறக்க வேகம் விநாடிக்குச் சுமார் 2.5 கிகாபிட். எல்லாரும் ஒரே நொடியில் முழு வேகத்தையும் கேட்பது அபூர்வம். அதனால்தான் சமாளிக்க முடிகிறது.

கடைசியாக, கம்பத்திலோ தெருவோரத்திலோ உள்ள பெட்டியிலிருந்து ஓர் இழை உங்கள் வீட்டுக்குள் வரும். அந்தச் சில மீட்டர்தான் முக்கியம்.

'வசதி வந்துவிட்டது' என்றால் என்ன?

மலேசியாவில் 2010இல் யூனிஃபை சேவை தொடங்கியது. 2020இல் அறிவிக்கப்பட்ட ஜென்டெலா திட்டம், 2022 இறுதிக்குள் 7.5 மில்லியன் கட்டடங்களுக்கு ஃபைபர் வசதி என்று இலக்கு வைத்தது. இங்கே ஒன்றைக் கவனிக்கணும். இந்தக் கணக்கில் வரும் வீடு, இணைப்பு கொடுக்கக்கூடிய தூரத்தில் இருக்கிறது. அவ்வளவுதான். இணைப்பு ஏற்கெனவே கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை.

தாமானில் ஒரு தெருவைத் தோண்டினால் பல வீடுகளுக்கு உதவும். தோட்டத்து வீடுகளோ தள்ளித் தள்ளி இருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஆகும் செலவு ஏறும். அதனால்தான் இப்படிப்பட்ட இடங்களுக்கு ஃபைபர் தாமதமாகிறது.

அடுக்குமாடி, அலுவலகக் கட்டடம்?

இங்கே பிரச்சினை வேறு. கம்பிவடம் வாசல்வரை வந்தாலும், மாடிக்கு மாடி ஏற்றக் குழாய்வழி வேண்டும். கட்டட நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும். கட்டும்போதே குழாய் பதித்திருந்தால் வேலை சுலபம். இல்லையென்றால் சுவரைத் துளைக்கணும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

• ஒரு நிறுவனம் "இல்லை" என்றால் மற்றவற்றின் இணையத்தளங்களிலும் முகவரியைப் போட்டுப் பாருங்கள்.
• அடுக்குமாடியில் இருந்தால், எந்த நிறுவனத்துக்கு அனுமதி உள்ளது என்று நிர்வாகத்திடம் கேளுங்கள்.
• வாடகை வீடு தேடுகிறீர்களா? முன்பணம் கட்டுவதற்கு முன், வீட்டுக்குள் ஃபைபர் முனை இருக்கிறதா என்று நேரில் பாருங்கள். "ஏரியாவில் இருக்கு" என்ற பதில் போதாது.