விடைக்குறிப்பில் அடங்காத பாறை

மாமல்லபுரத்துக்குக் கல்விச் சுற்றுலா வரும் பிள்ளைகளுக்கு அந்தப் பெரிய புடைப்புச் சிற்பத்தின் முன்னால் கிடைப்பது சில நிமிடங்கள்தான். "இது அர்ச்சுனன் தபசு" என்பார் ஆசிரியர். நோட்டில் ஏறும். குரூப் போட்டோ முடிந்ததும் வெண்ணெய் உருண்டைக் கல்லைப் பார்க்க ஓட்டம்.

அது அர்ச்சுனன்தானா என்ற வழக்கு அறிஞர்களுக்குள் இன்னும் தீரவில்லை. ஒற்றைக் காலில் ஒருவன் தவம் நிற்கிறான், பக்கத்தில் சிவன் வரம் தருகிறார். ஆகவே பாசுபத அஸ்திரம் வேண்டிய அர்ச்சுனன் என்பது ஒரு கட்சி. அப்படியானால் பாறை நடுவிலுள்ள பிளவில் நாகர்களுக்கு என்ன வேலை? உச்சியில் நீர் தேக்கிய தொட்டியின் தடயம் எதற்கு? தவசி பகீரதன், இறங்குவது கங்கை என்கிறது மறுகட்சி. யானைக்கு அருகே ஒரு பூனையும் கை தூக்கித் தவம் செய்கிறது, சுற்றிலும் எலிகள். சிற்பி யாரைக் கேலி செய்தானோ!

செதுக்க வைத்த அரசன் யார் என்பதிலும் இதே கதை. ஊர்ப்பெயரை வைத்து மாமல்லன், அதாவது பல்லவ அரசன் முதலாம் நரசிம்மவர்மன் என்கிறோம். இங்குள்ள சின்னங்கள் எல்லாமே பின்வந்த பல்லவன் இராஜசிம்மன் பணி என்று 1962-ல் வாதிட்டார் தொல்லியலாளர் இரா.நாகசாமி. பலர் ஏற்கவில்லை. கல்வெட்டுகளில் இருப்பவை பெரும்பாலும் 'அத்யந்தகாமன்' போன்ற விருதுப்பெயர்கள். ஒரே விருதைப் பல அரசர்கள் சூடினால் குழப்பம் வராமல் என்ன செய்யும்?

இந்த விவாதங்கள் வகுப்பறைக்கு வர வேண்டும்; அதற்காக ஆண்டுகளை மனப்பாடம் செய்யவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பல்லவருக்குப் பிறகு சோழர் என்ற வரிசை தெரியாத பிள்ளையால் கேள்வியே கேட்க முடியாது. ஆனால் வரிசையோடு பாடம் நின்றுவிடுகிறது. மனப்பாடத்திலிருந்து கற்றலை விடுவிக்க வேண்டும் என்று 2005-ன் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பே சொல்லியாயிற்று.

சான்றிலிருந்து முடிவுக்குப் போகும் பாதையைக் காட்ட, வடக்கே சில கிலோமீட்டரில் சாளுவன்குப்பம் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பின் அங்கே பாறையொன்றில் கல்வெட்டுகள் வெளிப்பட்டன. அவை ஒரு முருகன் கோயிலைப் பற்றிப் பேசின; கண்ணெதிரே கோயில் எதுவும் இல்லை. இந்தியத் தொல்லியல் துறை தோண்டியது. மணலுக்கடியில் செங்கல் கட்டுமானம், கல்லில் வேல்! ஒரு பாடவேளைக்கு இது போதாதா?

போதும். சிக்கல் தேர்வில் இருக்கிறது. 'பாறையில் இருப்பது அர்ச்சுனனா, பகீரதனா? சான்று காட்டுக' என்று பொதுத்தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்டால், இரண்டு விடைக்கும் முழு மதிப்பெண் தரலாம் என்று விடைக்குறிப்பில் எழுத வேண்டியிருக்கும். சான்றே காட்டாமல் 'அர்ச்சுனன்' என்று மட்டும் எழுதிய பிள்ளைக்குப் பூஜ்யம் போடவும் திருத்துபவர் துணிய வேண்டும்.