எஞ்சிய பொருளில் எழுந்த கலை

வீடு என்று ஒன்று இருந்தால், அதில் எஞ்சிய பொருள்களும் இருக்கும். தச்சர் கதவு செய்து முடித்தபின் மூலையில் சில மரத்துண்டுகள் கிடக்கும். சட்டை தைத்தபின் தரையில் துணித் துணுக்குகள் சிதறியிருக்கும். பல்லாண்டு உடுத்து நைந்த புடைவையும் வேட்டியும் பெட்டியின் அடியில் மடிந்து கிடக்கும். இவற்றைக் குப்பை எனக் கருதி எறிவாரும் உளர். பொருள் எனக் கருதிப் பேணுவாரும் உளர். இன்று உலகம் வியந்து பாராட்டும் வீட்டுக் கைவினைகள் பல, பேணியவர்களின் கைகளிலேயே பிறந்தன. செல்வம் மிகுந்தமையால் அவை தோன்றவில்லை. இல்லாமையே அவற்றைத் தோற்றுவித்தது. சுவீடன் நாட்டு மரக்குதிரையும், வங்க நாட்டுக் கந்தாவும், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஒட்டுத்துணிப் போர்வையும் இதற்குத் தக்க சான்றுகளாகும்.

சுவீடன் நாட்டின் நடுப்பகுதியில் தாலர்னா என்னும் நிலப்பகுதி உளது. அது காடும் ஏரியும் நிறைந்தது. அங்குக் குளிர்காலம் நீண்டது. அக்காலத்துப் பகற்பொழுதோ மிகக் குறுகியது. பனி மூடிய மாதங்களில் உழவு நடைபெறாது. ஆதலின் ஆடவர் காட்டிற்குச் சென்று மரம் வெட்டுவர். வெட்டிய மரங்களைக் குதிரைகள் பனியின்மீது இழுத்து வரும். மாலையில் குடிலின் நெருப்பருகே அமர்ந்து ஓய்வெடுக்கும்போது, வீட்டிலுள்ள குழந்தைகளை நினைந்து, அவர்கள் சிறு மரத்துண்டுகளைக் கத்தியால் செதுக்குவர். பனிக்காலத்தில் மரம் இழுத்த குதிரையே கோடையில் ஏரும் இழுத்தது. ஒரு குடும்பத்தின் வாழ்வு அதன் குதிரையின் நலத்தைப் பொறுத்திருந்தது. எனவே அவர்கள் செதுக்கிய உருவமும் பெரும்பாலும் குதிரையாகவே அமைந்தது.

மோரா என்னும் ஊரைச் சூழ்ந்த சிற்றூர்களில் மரச்சாமான்களும் கடிகாரப் பெட்டிகளும் செய்யும் தொழில் நடந்து வந்தது. அத்தொழிலில் மிஞ்சிய துண்டுகளும் குதிரைகளாயின. முதலில் குழந்தைகளின் விளையாட்டுப் பொருளாக இருந்த இக்குதிரைகள், வறுமை மிகுந்த 19-ஆம் நூற்றாண்டில் பண்டமாற்றுப் பொருளாகவும் பயன்பட்டன. வீட்டிற்கு வேண்டிய சில பண்டங்களை அவை ஈட்டித் தந்தன. பின்னர் நுஸ்னேஸ் என்னும் சிற்றூர் இத்தொழிலுக்குப் பெயர் பெற்றது.

இக்குதிரையைச் செய்யும் முறை எளிது. ஆயினும் பொறுமை வேண்டுவது. பைன் மரக்கட்டையைக் குதிரை வடிவாக அறுத்து, விளிம்புகளைக் கத்தியால் செதுக்கி உருட்டுவர். அதன்மேல் அடிப்பூச்சு இட்டு, வெடிப்புகளையும் குழிகளையும் மக்கு இட்டு நிரப்புவர். நன்கு தேய்த்து வழவழப்பாக்கியபின் நிறம் ஏற்றுவர். நிறம் உலர்ந்ததும், கடிவாளமும் சேணமும் பூவேலைப்பாட்டுடன் தூரிகையால் வரையப்பெறும். இறுதியில் மெருகெண்ணெய் பூசப்பெறும். கோடு வரைவதற்கு அச்சு இல்லை. கையே அளவு, கண்ணே கோல். ஆதலால் ஒரு குதிரை போலவே மற்றொன்று முற்றிலும் அமைவதில்லை.

குதிரையின் உடலில் பெரிதும் காணப்படுவது சிவப்பு நிறம். தாலர்னாவிற்கு இந்நிறம் புதிதன்று. அங்குள்ள ஃபாலுன் நகரில் பழம்பெரும் செப்புச் சுரங்கம் ஒன்று இருந்தது. செம்பு எடுத்தபின் குவிந்து கிடந்த கழிவு மண்ணிலிருந்து சிவப்புப் பொடி செய்து, மரவீடுகளுக்குப் பூசினர். அப்பூச்சு மரத்தை மழையினின்றும் வெயிலினின்றும் காத்தது. சுரங்கம் 1992-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. எனினும் அதன் கழிவிலிருந்து செஞ்சாயம் செய்யும் தொழில் இன்றும் நிற்கவில்லை. சேணத்தின்மீது வரையப்படும் பூங்கொடிக்குக் குர்பிட்ஸ் என்பது பெயர். சுரையினத்தைக் குறிக்கும் சொல் அது. யோனா என்பவர்க்கு நிழல் தந்ததாக விவிலியம் கூறும் கொடியை, சுவீடன் நாட்டு உழவர்கள் தம் சுவர்களிலும் பெட்டிகளிலும் இவ்வாறு தீட்டி மகிழ்ந்தனர். 1939-ஆம் ஆண்டு நியூயார்க்கில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சியில், சுவீடன் அரங்கின் முன் மிகப் பெரிய மரக்குதிரை ஒன்று நிறுத்தப்பட்டது. அதன் பின்னர், காட்டுக் குடிலில் பிறந்த அவ்விளையாட்டுப் பொருள் ஒரு நாட்டின் அடையாளமாகவே மதிக்கப்பட்டது.

எஞ்சிய மரம் வடநாட்டுக் குளிரில் இவ்வாறு உருப்பெற்றது. எஞ்சிய துணி உருப்பெற்ற கதையை வங்க நாட்டில் காணலாம். நைந்த துணியைத் தமிழில் கந்தை என்கிறோம். இச்சொல்லோடு தொடர்புடைய கந்தா என்னும் பெயரையே வங்க மக்கள் தம் தையற்கலைக்கு இட்டு வழங்குகின்றனர். பலமுறை துவைத்து மென்மையான புடைவைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையில் விரித்து, சுருக்கம் நீக்கி, ஓரங்களை முதலில் தைத்துக்கொள்வர். பின்பு துணி முழுவதும் ஊசியை மேலும் கீழுமாகச் செலுத்தி, நெருக்கமாக நூலோட்டுவர். தையலுக்கு வேண்டிய வண்ண நூலையும் விலை கொடுத்து வாங்குவதில்லை. பழம்புடைவையின் கரையிலிருந்தே இழை இழையாக உருவி எடுத்துக்கொண்டனர்.

இத்தையல் அழகிற்காக மட்டும் ஏற்பட்டதன்று. தனியே நின்றால் கிழியும் மெல்லிய துணிகள், பல்லாயிரம் தையல்களால் பிணைக்கப்பட்டபோது வலிமை பெற்றன. அடுக்குகளுக்கிடையே தங்கும் காற்று உடற்சூட்டை வெளியேற விடாது தடுத்தது. ஆதலின் கந்தா குளிருக்குப் போர்வையாயிற்று. பச்சிளங் குழந்தைக்கு விரிப்பாயிற்று. நூல்களையும் கண்ணாடி சீப்புகளையும் பொதிந்து வைக்கும் உறையுமாயிற்று. வீட்டுவேலை முடிந்த ஓய்வு வேளைகளில் மகளிர் இதனைத் தைத்தனர். ஒன்றை முடிக்கப் பல திங்கள் ஆவதும் உண்டு. நடுவில் விரிந்த தாமரையும், நான்கு மூலைகளில் மரமோ மாங்காய் வடிவமோ அமையும். இடையிடையே மீன், யானை, படகு, பல்லக்கு ஆகியவை தோன்றும். புகைவண்டி வந்தபின் அதுவும் கந்தாவில் இடம் பெற்றது. தாம் கண்டதையும் கேட்டதையும் அப்பெண்கள் ஊசியால் எழுதி வைத்தனர்.

ஊசி எழுதிய அவ்வெழுத்தைப் புலவர்களும் அறிஞர்களும் படிக்கத் தொடங்கினர். 1929-ஆம் ஆண்டில் ஜசீமுத்தீன் என்னும் வங்கக் கவிஞர், கந்தாவில் தன் வாழ்வின் துயரைத் தைத்த ஒரு பெண்ணின் கதையைக் காப்பியமாகப் பாடினார். அரசுப் பணியாளராக விளங்கிய குருசதய் தத்தர், ஊர் ஊராகச் சென்று பழைய கந்தாக்களைத் திரட்டினார். அவை இன்று கொல்கத்தாவை அடுத்த ஜோகாவில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தில் உள்ளன. 1971-ஆம் ஆண்டுப் போரின் முடிவில் வங்காளதேசம் தனிநாடாயிற்று. அப்போரில் கணவரையும் பொருளையும் இழந்த பெண்கள் பலர்க்குப் பிழைப்புத் தந்த தொழில்களுள் கந்தாத் தையலும் ஒன்று. பாட்டியிடம் பேத்தி கற்ற கலை, இடர் வந்தபோது உணவும் அளித்தது.

இடர் மிகுந்த மற்றோரிடத்திலும் ஊசி இவ்வாறே துணை நின்றது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், அலபாமா ஆறு மூன்று பக்கமும் வளைந்து சூழ ஒரு நிலப்பகுதி உண்டு. அதனை ஜீஸ் பெண்டு என்பர். ஜீ என்பாருடைய வளைவு என்பது அதன் பொருள். அங்குப் பருத்தித் தோட்டங்களில் கறுப்பின மக்கள் அடிமைகளாக வேலை செய்தனர். 1865-ஆம் ஆண்டில் அடிமை முறை ஒழிந்தபின்னும், அவர்களும் அவர்தம் வழித்தோன்றல்களும் பிறர் நிலத்தில் குத்தகைக்குப் பயிரிட்டு, கடனிலேயே காலங்கழித்தனர். 1932-ஆம் ஆண்டில், கடன் கொடுத்த வணிகர் ஒருவர் இறந்ததும், அவர் குடும்பத்தின் சார்பில் வந்தவர்கள் இவர்களுடைய கருவிகளையும் கால்நடைகளையும் தானியத்தையும் எடுத்துச் சென்றனர். அவ்வாண்டுக் குளிரில் அம்மக்கள் பசியால் வாடினர்.

அவர்களுடைய மரவீடுகளில் இடுக்குகள் வழியே குளிர்காற்று புகும். அதனைத் தாங்க, மகளிர் கிழிந்த வேலையாடைகளையும் மாவுச் சாக்குகளையும் வெட்டி இணைத்துப் போர்வைகள் தைத்தனர். மேலே ஒட்டுத்துணி, நடுவே பருத்தி, கீழே மற்றொரு துணி என மூன்று அடுக்குகளையும் சேர்த்துத் தைப்பர். முழங்காலில் தேய்ந்த காற்சட்டையைப் பிரித்தால், வெயில் படாத இடம் கருநீலமாகவும் மற்ற இடம் வெளிறியும் இருக்கும். அவ்வேறுபாட்டையே அவர்கள் அழகாக மாற்றினர். மிசௌரி பெட்வே என்னும் பெண்மணியின் கணவர் இறந்தபோது, 1942-ஆம் ஆண்டில், அவர் உழைத்து நைந்த உடைகளையே எடுத்து ஒரு போர்வையாகத் தைத்தார். கணவரின் நினைவை அதனால் போர்த்திக்கொள்ள விரும்பினார். அப்போர்வை இன்று உலகறிந்த கலைப்பொருளாக விளங்குகிறது.

இம்மக்கள் தம் வாக்குரிமையைக் கேட்டு எழுந்தபோதும் துன்பம் வந்தது. ஆற்றின் மறுகரையில் உள்ள காம்டன் நகருக்குச் சென்றே வாக்காளராகப் பதிவு செய்தல் வேண்டும். 1962-ஆம் ஆண்டில் ஆற்றைக் கடக்கும் படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அதனால் அவர்கள் நெடுந்தொலைவு சாலைவழியே சுற்றிச் செல்ல வேண்டியதாயிற்று. மீண்டும் படகு ஓடியது 2006-ஆம் ஆண்டிலேதான். இதற்கிடையே, 1966-ஆம் ஆண்டில் அவ்வட்டாரத்துப் பெண்கள் கூடிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று நிறுவினர். தாம் தைத்த போர்வைகளை விற்றுத் தம் காலில் நின்றனர். 1972-ஆம் ஆண்டில் சியர்ஸ் நிறுவனத்திற்காகக் கார்டுராய் துணியில் தலையணை உறைகள் தைக்கும் வேலை கிடைத்தது. அவ்வேலையில் ஒவ்வோர் உறையும் ஒன்றுபோல் இருத்தல் வேண்டும். தைப்பவரின் விருப்பத்திற்கு அதில் இடமில்லை. ஆனால் வெட்டியபின் மிஞ்சிய துண்டுகளை அவர்கள் வீட்டிற்கு எடுத்துச் சென்றனர். அவற்றைத் தம் எண்ணம்போல் இணைத்து, பொன்னிறமும் பச்சையும் செம்மையும் ஒளிரும் போர்வைகள் செய்தனர். 2002-ஆம் ஆண்டில் ஹூஸ்டன் நகரக் கலைக்கூடத்தில் இவ்வூர்ப் போர்வைகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2006-ஆம் ஆண்டில் அவற்றின் உருவங்கள் அமெரிக்க அஞ்சல்தலைகளிலும் இடம் பெற்றன.

இம்மூன்றனையும் எண்ணிப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை விளங்கும். இவற்றுள் எதுவும் காட்சிக்கென்று செய்யப்பட்டதன்று. குழந்தையின் மகிழ்ச்சியும், குளிரினின்று காப்புமே செய்தவர்தம் நோக்கம். ஆயினும் தேவை நிறைவேறியதும் அவர்கள் கை நின்றுவிடவில்லை. பூவில்லாத குதிரையும் விளையாட உதவும். தாமரை இல்லாத கந்தாவும் குளிரைப் போக்கும். அதற்கு மேலும் உழைப்பை நல்கச் செய்தது, பயன்படுத்தப் போகின்றவர்மீது கொண்ட அன்பேயாகும்.

இத்தகைய கைவினையைத் தொடங்க விரும்பும் மாணவர் சில முறைகளை அறிந்துகொள்ளல் நன்று. மரம் நன்கு உலர்ந்திருத்தல் வேண்டும். ஈரமரம் பின்னர்ச் சுருங்குமாதலின், மேற்பூச்சு வெடித்து உதிரும். மரத்தின் இழை ஓடும் திசையிலேயே தேய்த்தல் வேண்டும். குறுக்கே தேய்த்தால் கீறல் விழும். நிறத்தை ஒரே முறையில் தடிப்பாகப் பூசாது, மெல்லியதாகப் பூசி, உலர்ந்தபின் மீண்டும் பூசுதல் வேண்டும். துணியாயின், புதியதைப் பழையதோடு இணைக்குமுன் துவைத்துக்கொள்ளல் வேண்டும். இல்லையேல் புதியது பின்னர்ச் சுருங்கித் தையல் முழுவதையும் இழுத்துவிடும். அதன் சாயமும் மற்றத் துணிகளில் ஏறும். நைந்து ஊசியைத் தாங்காத பகுதியை நீக்கி, உரமுள்ள பகுதியையே கொள்ளல் வேண்டும்.

கருவிகளும் மிகுதியாக வேண்டுவதில்லை. ஒரு சிறு கத்தி, ஒரு தூரிகை, ஓர் ஊசி, சிறிது நூல் ஆகியவை போதும். தாலர்னாவின் மரவெட்டிகளிடமும், வங்கத்துத் தாய்மார்களிடமும், ஜீஸ் பெண்டின் உழவர் மகளிரிடமும் இவற்றினும் மிகுதியாக எதுவும் இருந்ததில்லை. பெட்டியின் அடியில் கிடக்கும் பழந்துணியை எறியுமுன், அதனை உடுத்தவர் யார், இனி அது யாருக்குப் பயன்படும் என்று ஒருகணம் எண்ணுதல் வேண்டும். அவ்வெண்ணம் பிறந்த வீட்டில் கைவினையும் பிறக்கும்.