கல்லாவுக்கும் ஒரு பக்கம்

எதிர் வீட்டுப் பெண் பதினொன்றாம் வகுப்பில் கணக்குப்பதிவியல் படிக்கிறாள். நேற்றுச் சாயங்காலம் நான் டீ ஆற்றிக்கொண்டிருந்தபோது நோட்டும் கையுமாக வந்து நின்றாள். "மாமா, சரக்கு வாங்கினா பணம் வெளியதானே போகுது? ரொக்கக் கணக்குல எதுக்கு வரவுன்னு எழுதச் சொல்றாங்க?"

அவளுக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். இந்த இடத்தில் தடுக்கி விழாதவர்கள் குறைவு. வரவு என்றால் நமக்கு வந்தது என்றே பழகியிருக்கிறோம்.

மளிகைக் கடை நோட்டை நினைத்துக்கொள் என்றேன். கடனுக்கு அரிசி வாங்கினால் அண்ணாச்சி நம் பெயரில் பற்று எழுதுவார். மாதம் பிறந்து பணம் கட்டினால் வரவு வைப்பார். அதாவது, நம் பக்கத்தில் நாம் வாங்கிக்கொண்டது பற்று, நாம் கொடுத்தது வரவு. இப்போது அதே நோட்டில் கல்லாப் பெட்டிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கு. மிளகுக்கு இன்னொரு பக்கம். இரண்டையும் கடைக்கு வந்துபோகிற ஆட்களாகவே பாவித்துக்கொள். 50 டக்கட் கொடுத்து மிளகு வாங்கினால், அந்த 50-ஐ வாங்கிக்கொண்டது மிளகின் பக்கம், அங்கே பற்று. கொடுத்தது கல்லா, அதன் பக்கத்தில் வரவு. ஒரே தொகை இரண்டு இடத்தில் விழுகிறது. கடைசியில் பற்றெல்லாம் ஒரு பக்கம், வரவெல்லாம் ஒரு பக்கம் கூட்டிப் பார்க்கும்போது தொகை ஒத்துவராவிட்டால் எங்கோ பிழை இருக்கிறது என்று ஏடே சொல்லிவிடும்.

"அது ஏன் டக்கட்?" என்றாள். அது வெனிஸ் நகரத்துத் தங்கக்காசு. இந்த முறையை முதன்முதலில் அச்சில் ஏற்றி ஊருக்கெல்லாம் கற்றுக்கொடுத்தவர் இத்தாலியத் துறவி ஒருவர், லூக்கா பச்சோலி.

1447 வாக்கில் சான்செபோல்க்ரோ என்ற சிற்றூரில் பிறந்தவர். இளம் வயதில் வெனிசுக்குப் போய், ரொம்பியாசி என்ற வணிகரின் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தார். வியாபாரத்தை அங்கே கண்ணால் பார்த்தார். பிறகு பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்து துறவியானார். துறவு பூண்ட பின்னும் கணக்குச் சொல்லிக்கொடுப்பதை விடவில்லை. பெருஜியா, நேப்பிள்ஸ், ரோம் என்று ஊர் ஊராகக் கற்பித்தார்.

1494-இல் வெனிசில் அவருடைய பெரிய நூல் வந்தது. சுருக்கமாக 'சும்மா' என்பார்கள். தொகுப்பு என்று பொருள். எண்கணிதம், இயற்கணிதம், வடிவியல் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 600 பக்கம். கற்றவர்களின் லத்தீனை விட்டு, கடைத்தெருவில் பேசும் இத்தாலிய மொழியில் எழுதினார். அவர் செய்தவற்றுள் இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அந்த நூலின் ஒரு பகுதி, 36 சிறு அத்தியாயங்கள், வணிகர் ஏடு எழுதும் முறையைச் சொல்கிறது.

அவர் சொல்வது மூன்று ஏடுகள். முதலாவது நினைவேடு, நடந்ததை நடந்தபடி அதில் எழுத வேண்டும். முதலாளி இல்லாத நேரத்தில் ஆட்களோ, எழுதத் தெரிந்த வீட்டுப் பெண்களோ எழுதலாம் என்கிறார். அதிலிருந்து ஒழுங்குபடுத்தி நாளேட்டுக்கு ஏற்றியதும் நினைவேட்டுப் பதிவின் மேல் ஒரு கோடு. நாளேட்டிலிருந்து பேரேட்டுக்குப் போகும்போது இரண்டு கோடுகள், பற்று எழுதியதற்கு ஒன்று, வரவு எழுதியதற்கு ஒன்று. பாதியில் யாராவது கூப்பிட்டு எழுந்து போனாலும், திரும்பி வந்தவர் கோட்டைப் பார்த்தே விட்ட இடத்தைப் பிடித்துக்கொள்ளலாம். எதிரே உட்கார்ந்திருக்கும் மாணவனின் தடுமாற்றம் தெரிந்தவருக்குத்தான் இது தோன்றும். கணக்குத் தொடங்குமுன் இருப்பதையெல்லாம் பட்டியலிடச் சொல்லி அவர் தரும் மாதிரியில் இஞ்சி, மிளகு, இலவங்கப்பட்டை, கிராம்பு எல்லாம் உண்டு. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்குவதற்கு நாலு வருடம் முன்பே மலபார் மிளகு இப்படி வெனிஸ் ஏட்டில் ஏறியிருந்தது.

இந்த முறையைக் கண்டுபிடித்தவர் அவர் என்று சொல்வது தவறு. 1340-லேயே ஜெனோவா நகரக் கணக்குகள் இப்படி எழுதப்பட்டிருக்கின்றன. வெனிஸ்காரர்களின் முறையைச் சொல்கிறேன் என்று பச்சோலியே தெளிவாக எழுதிவைத்தார்.

1496-இல் மிலான் அரசவைக்குப் போனார். அங்கே லியோனார்டோ டா வின்சி அவரிடம் கணிதம் கற்றார். வர்க்கமூலங்களைப் பெருக்கும் விதத்தை லூக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தம் குறிப்பில் எழுதிக்கொண்ட மாணவர் அவர். பச்சோலியின் 'தெய்வீக விகிதம்' நூலுக்குத் திண்ம வடிவங்களை வரைந்து கொடுத்தவரும் அவரே. 1499-இல் பிரெஞ்சுப் படை மிலானைப் பிடித்ததும் இருவரும் ஃபிளாரன்சுக்குப் போனார்கள்.

அந்த 'தெய்வீக விகிதம்' 1509-இல் அச்சானபோது ஒரு காரியம் நடந்தது. நூலின் மூன்றாம் பகுதி, ஐந்து ஒழுங்குத் திண்மங்கள் பற்றி ஓவியர் பியரோ டெல்லா ஃபிரான்செஸ்கா லத்தீனில் எழுதிய நூலின் இத்தாலிய வடிவம். பியரோ பச்சோலியின் சொந்த ஊர்க்காரர். 1492-இலேயே இறந்துவிட்டார். அந்தப் பகுதியில் அவர் பெயர் இல்லை. 1550-இல், ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி இதைத் திருட்டு என்றே எழுதினார். 'சும்மா'வில் பியரோவை ஓவியத்தின் பேரரசர் என்று புகழ்ந்தவர் பச்சோலி. அந்தப் புகழ்ச்சி இதற்கு ஈடாகாது. ஊர் வணிகர்களின் முறையை ஊர்ப் பெயர் சொல்லி எழுதிய கை, இங்கே பெயரை விட்டுவிட்டதே என்று எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

டீ குடித்து முடித்திருந்தாள். நேப்பிள்சில் கபோடிமோன்டே அருங்காட்சியகத்தில் இருக்கும் பச்சோலியின் உருவப்படத்தைக் கைபேசியில் காட்டினேன். சாம்பல் நிற அங்கி. பாதித் தண்ணீரோடு மேலே தொங்கும் கண்ணாடித் திண்மம். ஒரு கை திறந்த புத்தகத்தில், இன்னொரு கையிலுள்ள குச்சி பலகையில் வரைந்த படத்தின் மேல். உற்றுப் பார்த்துவிட்டு, "பாடம் நடத்திட்டு இருக்கார்" என்றாள். பிறகு நோட்டைத் திருப்பி, காலையில் அடித்திருந்த ரொக்கக் கணக்கை மறுபடி போட ஆரம்பித்தாள்.