கிடைக்காத திருகாணி



நான் கல்லூரி ஒன்றின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் பணிக்குச் சேர்ந்த முதல் ஆண்டு. மறுநாள் செய்முறைத் தேர்வு. இங்கிலாந்தில் செய்யப்பட்ட பழைய டேன்ஜன்ட் கால்வனாமீட்டர் ஒன்றில், மின்கம்பியை இறுக்கிப் பிடிக்கும் பித்தளைத் திருகாணி ஒன்று காணாமற் போயிருந்தது. கடைத்தெருவுக்கு ஓடினேன், "ஏறக்குறைய இந்தப் பருமன்" என்று விரலாற் காட்டி, எஃகுத் திருகாணி ஒன்றை வாங்கி வந்தேன். அது துளைக்குள் செல்ல மறுத்தது. குறட்டாற் பிடித்து வலிந்து திருகினேன். இரண்டு சுற்று உள்ளே சென்றது. பின்னர் பிடிப்பின்றிச் சுழன்றது. வெளியே எடுத்தபோது பித்தளைத் தூள் உதிர்ந்தது. திருகாணி மட்டும் இல்லாதிருந்த கருவிக்கு இப்போது துளையும் இல்லாமற் போயிற்று. மறுநாள் மாணவர் ஒருவர், வேறு கருவி ஒழியும்வரை கைகட்டிக் காத்திருந்தார். அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

பழைய வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்க்கும் முதியவர் ஒருவரிடம் அக்கருவியைக் கொண்டு சென்றேன். அவர் முதலிற் கேட்ட கேள்வி இதுதான்: "தம்பி, பக்கத்துத் தூணிலே இதே திருகாணி இருக்கிறதே, அதைக் கழற்றி அளந்து பார்த்தீர்களா?" நான் பார்க்கவில்லை. அவர் அதைக் கழற்றி அளந்தார். விட்டம் 4.7 மில்லிமீட்டர். "இது 2 பி.ஏ." என்றார்.

பி.ஏ. என்றதும் பட்டம் என்று எண்ணிவிடாதீர்கள்! பிரிட்டிஷ் அசோசியேஷன் என்னும் அறிவியற் சங்கத்தின் குழுவொன்று 1884ஆம் ஆண்டில் நுண்கருவிகளுக்கென வகுத்த திருகாணி வரிசை அது. அதில் எண் கூடக் கூடத் திருகாணி சிறியதாகும். நான் வாங்கிய மெட்ரிக் திருகாணியின் விட்டமோ 5 மில்லிமீட்டர். ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் உள்ள இடைவெளி முன்னதில் 0.81, பின்னதில் 0.8 மில்லிமீட்டர். எவ்வளவு நெருங்கிய உறவு! ஆயினும் புரியின் கோணம் ஒன்றில் 47½ பாகை. மற்றொன்றில் 60 பாகை. முற்றிலும் பொருந்தாத திருகாணியால் கேடில்லை. அது நுழையவே நுழையாது. ஏறக்குறையப் பொருந்துவதே கருவியைக் கெடுக்கிறது.

இத்தனை வேற்றுமைகள் எவ்வாறு தோன்றின? முற்காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தன் விருப்பப்படி புரி வெட்டியது. 1841இல் ஜோசப் விட்வொர்த் என்னும் ஆங்கிலப் பொறியாளர் 55 பாகைக் கோணம் கொண்ட பொது அளவு ஒன்றை முன்மொழிந்தார். 1864இல் அமெரிக்கரான வில்லியம் செல்லர்ஸ் 60 பாகையை முன்மொழிந்தார். அதனால் அரை அங்குலத் திருகாணியில், அங்குலத்துக்கு ஆங்கிலேயருக்குப் 12 புரிகள், அமெரிக்கருக்குப் 13. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகள் இதனால் இடர்ப்பட்டன. 1948இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய மூன்றும் கூடி ஒரே அளவுக்கு உடன்பட்டன. எனினும் உடன்படிக்கைக்கு முன் பிறந்த இயந்திரங்கள் தம் பழைய திருகாணியையே கேட்கின்றன.

ஆதலின், அரிய திருகாணியைத் தேடப் புறப்படுமுன் அதன் அடையாளத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். வெர்னியர் அளவியால் விட்டத்தை அளவுங்கள். பத்துப் புரிகளின் நீளத்தை அளந்து பத்தால் வகுத்தால் புரியிடைத் தூரம் கிடைக்கும். தெரிந்த திருகாணி ஒன்றை அதனோடு பக்கவாட்டிற் பொருத்தி வெளிச்சத்திற் பிடியுங்கள். இடையே ஒளி கசிந்தால் இரண்டும் ஓரினமல்ல. திரும்பும் திசையையும் நோக்குங்கள். மிதிவண்டியின் இடப்பக்க மிதிக்கட்டை இடப்புரியால் ஆனது. இவ்வளவும் தெரிந்தபின், அதே காலத்து, அதே நாட்டுப் பழுதான பொருள்களில் தேடுங்கள். அங்கும் இல்லையெனில், மாதிரியோடு கடைசற் பட்டறைக்குச் செல்லுங்கள். அளவு தெரிந்தால் புதிதாகவே கடைந்து தருவார்கள்.

முதியவர் பழைய வானொலிப் பெட்டியொன்றிலிருந்து 2 பி.ஏ. திருகாணியை எடுத்துத் தந்தார், காசு வாங்கவில்லை. கெட்ட தூணுக்குப் பதிலாகப் புதியதைக் கடைந்து வாங்கத்தான் எனக்குச் செலவாயிற்று. பழைய தூண் இன்றும் என் மேசைமேல் இருக்கிறது. புதிதாகப் பணிக்கு வருவோர் அது என்னவென்று கேட்பார்கள். "அளக்காமல் திருகியவனின் நினைவுத் தூண்" என்பேன்.