காலியாகாமலே சுருங்கும் பாரிஸ்

1921இல் பாரிஸ் நகரத்தின் மக்கள்தொகை 29 லட்சம். இன்று ஏறக்குறைய 21 லட்சம்தான். இத்தனை பேர் குறைந்த ஊரில் வீடுகள் கேட்பாரற்றுக் கிடக்க வேண்டுமல்லவா? அமெரிக்காவின் டெட்ராய்டில் அப்படித்தான் ஆனது. 1950இல் 18.5 லட்சமாக இருந்த அந்த ஊர் 2020இல் 6.4 லட்சமாகச் சுருங்கியபோது, பல வீடுகள் கட்டிய செலவுக்குக்கூட விலை போகவில்லை. பாரிஸிலோ 2019இல் வீட்டு விலை சதுர மீட்டருக்கு 10,000 யூரோவைத் தாண்டியது.

டெட்ராய்டுக்காரர்களைக் கிளப்பியதில் கார் தொழிற்சாலைகளின் சரிவுக்குப் பெரும் பங்குண்டு. பாரிஸ்காரர்களைக் கிளப்புவது, அந்த ஊருக்குள் வரத் துடிக்கும் மற்றவர்கள்!

நூறாண்டுக்கு முன் ஒரே அறையில் குடும்பமே படுத்துறங்கியது. கழிப்பறை மாடிப்படித் திருப்பத்தில், எல்லாருக்கும் பொதுவாக. இன்று ஒரு வீட்டில் சராசரியாக இரண்டு பேர்கூட இல்லை. பாதி வீடுகளில் ஒருவர் மட்டுமே வசிக்கிறார். ஐவர் காலிசெய்த வீட்டில் இருவர் குடியேறினால், வீடு நிரம்பியே இருக்கும். கணக்கில் மூவர் குறைவார்கள். போதாக்குறைக்கு, ஐந்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவான வீடுகளில் நிரந்தரமாக யாரும் குடியில்லை. எப்போதாவது வந்து தங்குவோரின் வீடுகளும் பூட்டிக் கிடப்பவையும் அதில் அடக்கம்.

யார், எப்போது போகிறார்கள் என்பதுதான் சுவாரசியம். பதினெட்டு, இருபது வயதில் படிக்கவும் வேலை தேடவும் பிரான்சின் எல்லா மூலைகளிலிருந்தும் வருகிறார்கள். அந்த வயதுக்கு ஒரு சிற்றறை போதும். முப்பதைத் தாண்டிக் குழந்தை பிறந்ததும் கணக்கு மாறிவிடுகிறது. சதுர மீட்டர் 9,000 யூரோ என்றே வைத்துக்கொள்வோம். பிள்ளைக்கென்று 12 சதுர மீட்டரில் ஓர் அறை கூடுதலாக வேண்டுமென்றால் 1,08,000 யூரோ. சம்பளம் அந்த வேகத்தில் ஏறாது. குடும்பங்கள் கிளம்புகின்றன, பிள்ளைகள் குறைந்து பள்ளிகளில் வகுப்புகள் மூடப்படுகின்றன.

கூடுதலாகக் கட்டினால் என்ன? இடமில்லை. நகர எல்லை, ஓரங்களில் நடந்த சில மாற்றங்களைத் தவிர, 1860இல் வகுத்தபடியே இருக்கிறது: சுமார் 105 சதுர கிலோமீட்டர். உயரவும் வழியில்லை. 1973இல் எழுந்த 210 மீட்டர் மோன்பர்னாஸ் கோபுரத்தைக் கண்டு நகரமே முகஞ்சுளிக்க, 1977இல் 37 மீட்டர் என்று உச்சவரம்பு விதித்தார்கள். இடையில் தளர்த்திய அந்த விதியை 2023இல் மீண்டும் இறுக்கினார்கள். பாரிஸின் அழகுக்கான விலையை, அங்கே வாழ முடியாமல் போனவர்கள்தான் கட்டுகிறார்கள் என்பது என் எண்ணம்.

எல்லை இவ்வளவு குறுகியது என்பதால், நான்கு மெட்ரோ நிலையம் தள்ளிக் குடிபோனாலும் ‘பாரிஸை விட்டுப் போனவர்’ என்றே கணக்கு. புறநகர்களையும் சேர்த்த இல்-து-பிரான்ஸ் மாநிலத்தில் 1.2 கோடிக்கும் மேல் மக்கள். ஈழத்தமிழர்களிடமே இதைப் பார்க்கலாம். சேலைக்கடை, நகைக்கடை, காய்கறிக்கடை எல்லாம் நகருக்குள் லாச்சப்பலில். வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் வசிப்பது லா கூர்நெவ், பொபிஞி போன்ற புறநகர்களில். வாரக்கடைசியில் ரயிலேறி வந்து சாமான் வாங்கிப் போகிறார்கள்.

இப்போது சுமார் 200 கிலோமீட்டருக்குப் புதிய மெட்ரோ பாதைகள் அமைகின்றன. அவற்றில் பெரும்பகுதி நகர மையத்தைத் தொடாமல் புறநகரைப் புறநகரோடு இணைப்பவை.